சென்னை வெயிலில் வீட்டுப் புல்தரை: வெட்டும் உயரம் முதல் வேர் வரை

போன சித்திரையில் எங்கள் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். வாசலில் இருக்கும் புல்தரை பளிச்சென்று இருக்கட்டும் என்று ஓர் ஆளை வைத்து வெட்டச் சொன்னேன். அவர் தோளில் மாட்டி வீசி வெட்டும் பிரஷ் கட்டரை எடுத்துத் தரையோடு தரையாக வழித்துவிட்டுப் போனார். விழா அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில நாளில் கத்திரி பிறந்தது. வைகாசி முடிவதற்குள் 400 சதுர அடியில் பாதிக்கு மேல் வெறும் மண். மிச்சமிருந்த பச்சையிலும் பெரும்பகுதி கோரை. தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் புல் திரும்பவில்லை.

அந்தப் புல்தரையைத் திரும்பக் கொண்டுவர எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் நன்றாகப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. சென்னையில் புல் சாவதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒட்ட வெட்டுவதும், தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பதும் சேர்ந்து வேரை மேலேயே நிறுத்திவிடுகின்றன. மேலே நின்ற வேரை வெயில் சுலபமாகக் காய்ச்சிவிடுகிறது. கல்யாண வீட்டில் ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோடுகிற குணம்தான் புல்லின் பலம். அதற்கு நாம் இடம் கொடுக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் புல்?

இது தெரியாமல் எத்தனை உயரத்தில் வெட்டுவது என்று சொல்ல முடியாது. சென்னை வீடுகளில் பெரும்பாலும் பார்க்கக்கூடியவை மூன்று.

அருகம்புல்லும் அதன் ஒட்டு ரகங்களும். நர்சரியில் ‘பெர்முடா’ என்பார்கள். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகும் இதுவும் ஒரே இனம். வெயில் பிடிக்கும், மிதி தாங்கும், உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். நிழல் மட்டும் ஆகவே ஆகாது.

கொரியன் புல். மெல்லிய ஊசி போன்ற இலை, மெத்தென்று இருக்கும், மெதுவாக வளரும். சதுர அடிக் கணக்கில் கார்பெட் துண்டாக விற்பது பெரும்பாலும் இதுதான். மெதுவாக வளர்கிறதே என்று வெட்டாமல் விட்டால் மேடு மேடாகக் குவிந்துகொள்ளும்.

எருமைப்புல், அதாவது ‘பஃபலோ’. அகலமான இலை, தடித்த கொடி. மூன்றில் நிழலைக் கொஞ்சம் பொறுப்பது இதுதான்.

மாமரத்துக்கு அடியிலும் மதில் ஓரத்திலும் நேரடி வெயில் ஐந்து மணி நேரம்கூட விழாத இடத்தில் எந்தப் புல்லும் நன்றாக வராது. அங்கே புல்லோடு போராடுவதைவிட நிழல் பிடிக்கும் செடிகளை வைப்பது நல்லது. என் வீட்டில் வேப்பமரத்தடியில் மூன்று முறை புல் நட்டேன். மூன்று முறையும் மெலிந்து மறைந்தது. இப்போது அங்கே மணிபிளான்ட் படர்ந்திருக்கிறது.

மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் வீடு திருவான்மியூரில். அக்கா வீடு அண்ணா நகரில். ஒரே ஊர்தான், ஆனால் இரண்டு இடத்துப் புல்லையும் ஒரே மாதிரி வளர்க்க முடியாது. பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை என்று கடலோரம் முழுக்க மணல். ஊற்றிய தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடும், உரமும் கூடவே போய்விடும். அண்ணா நகர், மேற்கு மாம்பலம், பெரம்பூர், கொளத்தூர் பக்கம் களிமண். தண்ணீர் மேலேயே நிற்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும்.

சோதிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். தண்ணீர் விட்ட மறுநாள் புல்தரையில் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். 10 முதல் 15 செ.மீ. வரை சிரமமில்லாமல் இறங்கினால் வேருக்கும் அங்கே வழி இருக்கிறது. பாதியிலேயே நின்றால் மண் இறுகிக் கிடக்கிறது. நிறைய வீடுகளில் அடியில் கட்டட இடிபாடு, சிமென்ட் துண்டு, செங்கல் சல்லி இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புல் காய்கிறதா? கடப்பாரையால் ஓர் அடி தோண்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஓரிடத்தில் ஒரு கூடை சல்லி வந்தது.

வெட்டுவது

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிழை நடப்பது இங்கேதான்.

புல்லுக்குச் சமையலறை அதன் இலை. இலையை வழித்துவிட்டால் புது இலை விடுவதற்கு வேரிலும் கொடியிலும் சேர்த்து வைத்த உணவைத்தான் அது எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வேர் வளர்வது நின்றுபோகும். இதை அமெரிக்க வேளாண் துறையில் இருந்த ஃபிராங்க்ளின் கிரைடர் என்பவர் வேரை நேரடியாகக் கவனித்துச் சோதித்து, 1955-இல் வெளியிட்டார். ஒரே வெட்டில் இலையில் பாதிக்கு மேல் போனால் வேர் வளர்ச்சி சில நாட்களுக்கு நின்றுவிடுகிறது என்பது அவர் கண்டது. சித்திரையில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்பதை என் வீட்டு வாசலில் பார்த்தேன்.

அதனால் ஒரே விதி: ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. அருகு, பெர்முடா என்றால் 2.5 முதல் 4 செ.மீ. உயரத்தில் வைத்திருங்கள். கொரியனுக்கு 3 முதல் 4. எருமைப்புல்லுக்கு 6 முதல் 8. கணக்கு எளிது: 3 செ.மீ.யில் வைக்க வேண்டிய புல்லை 4.5 ஆனதும் வெட்ட வேண்டும். 6-இல் வைக்க வேண்டியதை 9 ஆனதும். பங்குனி பிறந்ததும் எந்தப் புல்லானாலும் ஒரு செ.மீ. கூட்டிவிடுங்கள். ஆவணி வரை அப்படியே இருக்கட்டும். நிழல் விழும் இடத்திலும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். உயரமான புல் மண்ணுக்கு நிழல் போடும், ஈரம் நிற்கும், களை விதைக்கு வெளிச்சம் கிடைக்காது.

ஊருக்குப் போய் வந்தீர்கள், ஒரு சாண் வளர்ந்துவிட்டது. அப்போதும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு வெட்டி, நாலைந்து நாள் விட்டு, அடுத்த பங்கு.

வீட்டில் பெரியவர்கள், “ஒட்ட வெட்டு, பூச்சி பொட்டு வந்துடும்” என்பார்கள். எங்கள் அம்மாவும் சொல்வார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 4 செ.மீ. புல்லில் பாம்பு ஒளிய முடியாது. அது ஒளிவது செங்கல் அடுக்கிலும் தேங்காய் மட்டைக் குவியலிலும் மதில் ஓரப் புதரிலும். அவற்றை அப்புறப்படுத்துங்கள், புல்லை விட்டுவிடுங்கள். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை? காலண்டரை விடப் புல்லைப் பார்ப்பதே சரி. ஆடி, ஆவணி மழை நேரத்தில் பெர்முடா வாரம் ஒரு முறை கேட்கும். கத்திரியில் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம். மார்கழி, தையில் இரவு குளிரும்போது மூன்று வாரம்கூடத் தாங்கும்.

எந்தக் கருவி? நூறு, நூற்றைம்பது சதுர அடி என்றால் வேலி கத்தரிக்கும் பெரிய கத்தரிக்கோலே போதும். அதைவிடப் பெரிய, சமமான தரைக்குக் கையால் தள்ளும் உருளை மெஷின்தான் என் விருப்பம். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு விளிம்பு சேர்ந்து நறுக்குவதால் வெட்டு சுத்தமாக இருக்கும். 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் முதல் புல்வெட்டும் எந்திரத்தைச் செய்தது இப்படித்தான். ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை வழிக்கும் எந்திரத்தைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. மேடு பள்ளமான தரைக்கும் எருமைப்புல்லுக்கும் சுழல் கத்தி வைத்த மின் மெஷின் அல்லது பேட்டரி மெஷின் தோது. பிரஷ் கட்டர் மதில் ஓரத்துக்கும் புதருக்கும் உரியது. புல்தரை முழுக்க அதை ஓட்டினால் உயரம் கையின் ஆட்டத்துக்குத் தகுந்த மாதிரி ஏறி இறங்கும்.

இனி வெட்டும் நாள்.

1. இலை காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் வெட்டினால் கத்தி இழுக்கும், வெட்டிய புல் கட்டி கட்டியாக அப்பிக்கொள்ளும், பூஞ்சைக்கும் அது வசதி. மாலை நாலரைக்கு மேல் நல்ல நேரம். அப்புறம் இரவு முழுக்கப் புல் தேறிக்கொள்ளும்.

2. கல், குச்சி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். சுழல் கத்தியில் பட்ட கல் ஜன்னலை உடைக்கும், கண்ணையும் பறிக்கும். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு வெட்டாதீர்கள், ஷூ வேண்டும்.

3. மின் மெஷின் என்றால், அது செருகும் பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இதில் சமரசமே வேண்டாம். கத்தியில் சிக்கிய புல்லை எடுக்க ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும், பேட்டரி என்றால் கழற்ற வேண்டும்.

4. உயரத்தை எப்படிச் சரிபார்ப்பது? மெஷினில் உள்ள எண்ணை நம்பாமல், சிமென்ட் தரையில் நிறுத்தி, கத்தி விளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். இதையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

5. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் நாலு விரல் ஏறட்டும். போன தடவை கிழக்கு மேற்காக வெட்டினால் இந்தத் தடவை வடக்கு தெற்கு. எப்போதும் ஒரே திசையில் ஓட்டினால் புல் ஒரு பக்கமாகச் சாயும், சக்கரத் தடம் விழும்.

6. வெட்டிய துணுக்கை அள்ள வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி வெட்டினால் துணுக்கு சிறியதாக இருக்கும். ஓரிரு வாரத்தில் மக்கிவிடும். அதில் தழைச்சத்து இருக்கிறது, அது மண்ணுக்கே போகட்டும். கட்டியாகக் குவிந்தாலோ, பூஞ்சை நோய் இருந்தாலோ மட்டும் வாரிவிடுங்கள்.

வெட்டிய மறுநாள் இலை நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். நேராக நறுக்கியது போல் இருந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. நார் நாராகக் கிழிந்து, இரண்டு நாளில் வெளுத்துப் போனால் கத்தி மழுங்கிவிட்டது. சுழல் கத்தியைக் கழற்றித் தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடமே கொடுக்கலாம். திரும்பி வந்ததும் நடுத் துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் எடை சமமில்லை, மெஷின் அதிரும். கனமான பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொல்லுங்கள். உருளை மெஷினுக்கு இது சரிவராது, அதைத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

தண்ணீர்

தினமும் சாயங்காலம் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தெளிப்பது நமக்கு மனநிறைவாக இருக்கும். ஆனால் நனைவது மேல்மண் மட்டும். வேர் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே சுற்றும்.

வாரத்துக்கு 25 மி.மீ. அளவு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்றால் ஒரு லிட்டர். 400 சதுர அடி ஏறத்தாழ 37 சதுர மீட்டர். அப்படியானால் வாரத்துக்கு 925 லிட்டர். உங்கள் பைப்பில் 15 லிட்டர் பக்கெட் எத்தனை நேரத்தில் நிறைகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் என்றால், வாரம் முழுவதற்கும் ஒரு மணி நேரத் தண்ணீர். அதை இரண்டாகப் பிரித்து அரை மணி, அரை மணி. கத்திரியில் இன்னும் ஒரு முறை கூட்டுங்கள். மழை பெய்த வாரத்தில் குறையுங்கள், ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் தேவையே இருக்காது.

மணல் தரையில் அளவைப் பிரித்து மூன்று நாளுக்கு ஒரு முறை கொடுப்பது நல்லது. களிமண்ணில் அரை மணி ஒரேயடியாக ஊற்றினால் தெருவுக்கு ஓடும். கால் மணி ஊற்றி, அரை மணி விட்டு, மறுபடி கால் மணி. நேரம் விடியற்காலை. இரவு ஊற்றினால் இலை ஈரமாகவே கிடக்கும்.

தண்ணீர் வேண்டுமா என்று புல்லே சொல்லும். நடந்து பாருங்கள், மிதித்த புல் நிமிராமல் கால் தடம் அப்படியே நின்றால், நிறம் நீலம் கலந்த சாம்பலாக மங்கினால், அன்று ஊற்ற வேண்டும்.

2019 கோடையில் நான்கு ஏரியும் வறண்டு, குடிக்கும் தண்ணீருக்கே குடத்தோடு நின்ற ஊர் இது. அப்படி ஒரு கோடை வந்தால் புல்லுக்குத் தண்ணீர் கேட்காதீர்கள். அருகும் பெர்முடாவும் பழுத்துத் தூங்கும். கொடியும் வேரும் ஆழமாக இருந்தால் மழைக்கு எழுந்துவிடும். மிதிக்காமல், வெட்டாமல் விட்டால் போதும்.

கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 2000-ஐத் தாண்டினால் தொடர்ந்து ஊற்றாதீர்கள். மண் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்து, இலை நுனி கருகுவது அதன் அடையாளம். நல்ல தண்ணீர் கிடைக்கும்போது ஒரு முறை தாராளமாக விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். அக்கா வீட்டில் ஆர்.ஓ. கழிவு நீரை ஒரே மூலையில் மாதக்கணக்கில் விட்டார்கள். அந்த மூலை மட்டும் மொட்டையானது. ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. அதைச் சேர்த்து ஊற்றலாம். வாஷிங் மெஷின் தண்ணீர் வேண்டாம்.

உரம்

புல் நன்றாக வளரும் நேரத்தில் மட்டும் உரம்: மாசியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை, புரட்டாசியில் கொஞ்சம் பொட்டாஷ். கத்திரியில் கூடாது, அடைமழையில் கூடாது.

யூரியா போட்டால் சதுர மீட்டருக்கு 5 கிராம், அதாவது 400 சதுர அடிக்கு 180 முதல் 200 கிராம். அவ்வளவுதான். இரண்டு மூன்று கிலோ காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கில், பாதியைக் குறுக்கில் வீசுங்கள். இலை காய்ந்திருக்கும்போது வீசி, உடனே தண்ணீர் விட வேண்டும். கையில் அள்ளி அப்படியே வீசினால் விழுந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கருகும்.

எனக்குப் பிடித்தது மண்புழு உரம். சலித்து, மணலோடு சம அளவு கலந்து, அரை செ.மீ. கனத்துக்குப் பரப்பி, விளக்குமாற்றின் பின்பக்கத்தால் தள்ளிவிடுவேன். 400 சதுர அடிக்கு 15 லிட்டர் பக்கெட்டில் பன்னிரண்டு பிடிக்கும். புல் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடிவிடக்கூடாது. களிமண் வீடுகளில் இதற்கு முன்னால் முள்கரண்டி மாதிரியான தோட்டக் கருவியால் அரை அடிக்கு ஒன்றாகக் குத்தித் துளை போட்டுவிட்டால், கலவை துளைக்குள் இறங்கி வேருக்கு வழி செய்யும். மணல் வேண்டுமென்று கடற்கரையில் அள்ளி வராதீர்கள், அத்தனையும் உப்பு.

கோரையும் புழுவும்

கோரையை வெட்டியோ பிடுங்கியோ ஒழிக்க முடியாது. இலை கையோடு வரும், கிழங்கு உள்ளே நிற்கும், நாலே நாளில் மறுபடி குருத்து விடும். மழை பெய்து மண் இளகியதும் களைக்கொட்டால் கிழங்கோடு தோண்ட வேண்டும். ஒரு கிழங்கில் தொடங்கி நூல் மாதிரி ஓடி அடுத்தது, அதற்கடுத்தது என்று மாலையாக இருக்கும். கடைசி வரை போங்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தால் கோரையோடு புல்லும் சாகும். வாரம் ஒரு நாள் அரை மணி உட்கார்ந்து எடுத்ததில், ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் கண்டுபிடிக்கத் தேட வேண்டிய அளவுக்குக் குறைந்தது. புல் உயரமாக, நெருக்கமாக இருக்கும் இடத்தில் அது திரும்ப வரவும் சிரமப்படுகிறது.

மைனாக்களும் கொண்டலாத்தியும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்துகின்றனவா? அடியில் புழு இருக்கலாம். ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விடைக் கலந்து, ஒரு சதுர மீட்டரில் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். இலை தின்னும் புழுக்கள் மேலே வந்துவிடும். இழுத்தால் புல் பாய் மாதிரி கழன்று வந்தால் வேரைத் தின்னும் வெள்ளைப் புழு. ஒன்றிரண்டு இருந்தால் பறவைகளே பார்த்துக்கொள்ளும். நிறைய என்றால் வேப்பம்புண்ணாக்கைத் தூளாக்கிப் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை

மழையே இங்கே புல்லுக்குப் பெரிய சோதனை. தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றால் வேருக்குக் காற்றில்லாமல் அழுகும். புரட்டாசிக்குள் சரிவைப் பாருங்கள்: ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. சாய்வு போதும், வீட்டுச் சுவரை விட்டு விலகி மழைநீர் சேகரிப்புக் குழியை நோக்கி. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய அந்தக் குழி பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. தூர்வாரிவிட்டால் புல்லும் பிழைக்கும், நிலத்தடி நீரும் ஏறும்.

தரை சொதசொதவென்று இருக்கும்போது மிதிக்காதீர்கள், மெஷினைக் கொண்டு போகாதீர்கள். பழுப்பு வட்டம் வட்டமாகப் பூஞ்சை வந்தால் உரத்தை நிறுத்தி, விழுந்து கிடக்கும் இலை சருகை வாரி, காற்றும் வெயிலும் பட விடுங்கள். பெரும்பாலும் மழை ஓய்ந்ததும் அடங்கிவிடும். 2015 டிசம்பர் மாதிரி வெள்ளம் சேற்றோடு ஏறிப்போனால், சேறு இறுகுவதற்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். காய்ந்த பிறகு அது சிமென்ட் மாதிரி.

சொட்டைத் திட்டுகளை நிரப்புதல்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது புல்லுக்கும் பொருந்தும். கத்திரி முடிந்து, மாலை மழை தொடங்கும் நேரம் அது. மொட்டையான இடத்தை ஒரு சாண் ஆழம் கொத்தி, கல்லும் கோரைக் கிழங்கும் பொறுக்கி, மண்புழு உரம் கலந்து, மிதித்துச் சமப்படுத்துங்கள். உங்கள் வீட்டிலேயே நன்றாக இருக்கும் இடத்திலிருந்து வேர்விட்ட கொடியை எடுங்கள், கடையில் வாங்கினால் நிறமும் இலையும் ஒத்துப்போகாமல் ஒட்டுத்துணி மாதிரி தெரியும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, நாலு விரல் இடைவெளியில், ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். முதல் பத்து நாள் மட்டும் தினமும் இரு வேளை லேசாகத் தண்ணீர். அதன் பிறகு ஒரு நாள் விட்டு, இரண்டு நாள் விட்டு என்று தள்ளிக்கொண்டே போங்கள். மூன்று வாரம் யாரும் மிதிக்கக்கூடாது; நான்கு குச்சி நட்டுச் சணல் கட்டிவிட்டேன், பேரப்பிள்ளைகள்கூடச் சுற்றிக்கொண்டு போனார்கள். லேசாக இழுத்துப் பார்த்து, கொடி கையோடு வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் முதல் வெட்டு வெட்டலாம், அதுவும் நுனியை மட்டும்.